ஏர் பிஸ்டல் கைப்பிடியை வீட்டிலேயே நம் கைக்குப் பொருத்துவது எப்படி?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கினார். சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணியிலும் ஒன்று வாங்கினார். அதற்கப்புறம் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்திலிருந்து என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "நல்ல பிஸ்டல் வாங்கிவிட்டோம், ஆனால் கையில் உட்காரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?"

உட்காராதுதான். கம்பெனி கைப்பிடி சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று நான்கு அளவில் வருகிறது. உங்கள் உள்ளங்கை அந்த அச்சில் வார்த்தது இல்லை. பிஸ்டலின் இரும்பில் கை வைக்காமல், மரக் கைப்பிடியை மட்டும் நம் கைக்கு ஏற்ப மாற்றுவது இந்த விளையாட்டில் எல்லோரும் செய்கிற வேலை. வீட்டிலேயே, கொஞ்சம் பொறுமையோடு செய்யலாம். நான் சொல்வது வலது கைக்காரர்களுக்கு. இடது கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள்.

கைப்பிடிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

இலக்கு அட்டையின் நடுவில் உள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். கை மொத்தமாக 1 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ.தான் தள்ளிப்போகும். ஆனால் குழல் முனையில் உள்ள குறிமுள், அதாவது ஃப்ரண்ட் சைட், பின்னால் உள்ள ரியர் சைட்டின் வெட்டுக்குள் 1 மி.மீ. ஒதுங்கினால் கதை வேறு. இரண்டு சைட்டுக்கும் இடையே 35 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 10 மீட்டர் தள்ளி இருக்கும் அட்டையில் அது ஏறக்குறைய 29 மி.மீ. பிசகு. கை ஆடுவதை யாராலும் முழுக்க நிறுத்த முடியாது. சைட் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக வந்து நிற்பதைக் கைப்பிடியே பார்த்துக்கொள்ளும்படி செய்யலாம். இந்த வேலை முழுக்க அதற்காகத்தான்.

தொடங்கும் முன்

காற்று சிலிண்டரைக் கழற்றி வையுங்கள். உள்ளே பெல்லட், அதாவது ஏர் பிஸ்டல் குண்டு, இல்லை என்று கண்ணால் பாருங்கள். சிலிண்டரைக் கழற்றிய பிறகும் உள்ளே கொஞ்சம் காற்று தங்கியிருக்கும். ஆகவே ஆபத்தில்லாத திசையில் பிடித்து டிரிகரை ஒருமுறை அழுத்திக் காலி செய்துவிடுங்கள். கைப்பிடித் திருகைக் கழற்றினால் மரம் தனியாக வந்துவிடும். அரம் போடும் நேரத்திலெல்லாம் பிஸ்டல் உடல் பெட்டிக்குள் பூட்டி இருக்கட்டும். சிலிண்டரை, காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரை வீட்டில் பிரிக்கவே கூடாது. உள்ளே இருப்பது 200 பார் அழுத்தம்.

2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு மிகாத, ஆற்றல் 20 ஜூல் அளவைத் தாண்டாத ஏர் கன்னுக்கு உரிமம் வேண்டாம். அதற்காக வீட்டில் எங்கேயும் கிடக்கலாம் என்று ஆகாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் இதைச் செய்யட்டும்.

தேவையான சாமான் எல்லாம் ஊர் ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும்: எம்-சீல் போன்ற இரண்டு பகுதி எபாக்ஸி புட்டி, ஒரு அரைவட்ட அரம், ஒரு உருண்டை அரம், 80, 120, 240 எண் உப்புத்தாள், மாஸ்க்கிங் டேப், மெல்லிய பிளாஸ்டிக் உறை, கையுறை, முகக்கவசம், கலர் சாக்பீஸ். மின்சார அரவை மிஷின் வேண்டாம். ஒரு நொடியில் 3 மி.மீ. மரம் போய்விடும்.

கண்ணை மூடிப் பார்க்கும் சோதனை

இதை அவசரமில்லாமல் செய்யுங்கள். மற்ற எல்லா வேலையும் இதில் தெரிவதை வைத்துத்தான்.

செட்டிநாட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் நல்ல வசதி. வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய பகுதியில், பட்டாலைத் திண்ணை ஓரமாக நின்றால் எதிர்க்கோடி வரை 10 மீட்டர் பல வீடுகளில் தாராளமாகக் கிடைக்கும். எதிர்ச் சுவரில் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் ஒரு அட்டையை ஒட்டுங்கள். வெறும் பிஸ்டல், பெல்லட் கிடையாது. சுவருக்கும் ஆளுக்கும் நடுவே யாரும் நடமாடக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிடுங்கள். அந்த அட்டை குறி பார்க்க மட்டும். பெல்லட் சுட வேண்டுமென்றால் பயிற்சிக்கூடம்தான்.

கால் வைக்கும் இடத்துக்குத் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் கைகொடுக்கும். கல்லும் கல்லும் சேரும் கோடு நேராக ஓடுவதால், வலது கால் எந்தக் கோட்டில், இடது கால் எந்தக் கோட்டில் என்று குறித்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதே நிலையில் நிற்கலாம். எண்ணெய் தேய்த்து வழவழவென்று இருக்கும் தரையில் சாக்ஸோடு நிற்காதீர்கள். தட்டையான ரப்பர் அடிச் செருப்போ ஷூவோ போதும்.

இப்போது பிஸ்டலைப் பிடித்து, அட்டையைப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தூக்குங்கள். இரண்டு மூச்சு விட்டு, மணிக்கட்டைத் திருத்தாமல் கண்ணைத் திறங்கள். இரண்டு விஷயம் தெரியும். அதைப் பிரித்துப் பார்க்கத் தெரியாமல்தான் பலர் நல்ல கைப்பிடியைக் கெடுக்கிறார்கள்.

சைட் இரண்டும் தங்களுக்குள் நேராக இருந்து, மொத்தப் பிஸ்டலும் அட்டைக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ காட்டினால் குற்றம் கைப்பிடியில் இல்லை. பின்காலைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் சரியாகிவிடும். ஃப்ரண்ட் சைட்டே ரியர் சைட் வெட்டுக்கு நடுவில் இல்லாமல் ஒதுங்கி நின்றால்தான் மரத்தில் வேலை.

எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்பதை நாலைந்து முறை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு முறை பார்த்துவிட்டு அரத்தை எடுக்க வேண்டாம். ஒரே பக்கம் திரும்பத் திரும்ப வந்தால்தான் அது கைப்பிடியின் குறை.

ஃப்ரண்ட் சைட் இடப்பக்கம் ஒதுங்கினால், உள்ளங்கை அழுந்தும் வலப்பக்கப் பின்பகுதியில் புட்டி சேர்க்க வேண்டும். அது கைப்பிடியின் பின்பக்கத்தை இடப்பக்கம் தள்ளும், குழல் வலப்பக்கம் திரும்பும். வலப்பக்கம் ஒதுங்கினால், கட்டைவிரலின் அடிச்சதை படியும் இடப்பக்கப் பின்பகுதியில் சேர்க்க வேண்டும். ஃப்ரண்ட் சைட் தாழ்ந்து கிடந்தால் கைப்பிடியின் பின்பக்கம் அடியில், உள்ளங்கைக் குதி படுகிற இடத்தில் சேர்க்க வேண்டும். உயர்ந்து நின்றால் மேலே, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள கவட்டியில். இன்று வருகிற பல பிஸ்டல்களில் கைப்பிடிச் சாய்வை மாற்றத் திருகு இருக்கும். இருந்தால் மேல் கீழ் பிசகை அதிலேயே முடித்துவிடுங்கள், புட்டி தேவைப்படாது.

சாக்பீஸ் காட்டும் இடம்

கலர் சாக்பீஸை உரசி அந்தத் தூளை உள்ளங்கை முழுக்கப் பூசுங்கள். கைப்பிடியைத் துடைத்து உலரவிட்டு, சுடும் நிலையில் நின்று பிடியுங்கள். பிறகு கையை வழுக்காமல் எடுங்கள். மரத்தில் கலர் அடர்த்தியாக ஒட்டிய இடம் அழுந்துகிற இடம். ஒட்டாத இடம் கைக்கும் மரத்துக்கும் இடையில் உள்ள வெற்றிடம். பெரும்பாலும் உள்ளங்கைக் குழியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெறும் மரம் தெரியும், கட்டைவிரல் மேட்டின் ஓரத்தில் கோடு போல அடர்த்தியாக இருக்கும். பென்சிலால் இரண்டையும் சுற்றி வரைந்து, ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சேர்ப்பது, அப்புறம்தான் குறைப்பது

புட்டி பிடிக்கவில்லையென்றால் அரத்தால் எடுத்துவிடலாம். வெட்டிய வால்நட் மரம் திரும்ப வராது. ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

புட்டி போடும் இடத்தை மட்டும் 80 எண் தாளால் சொரசொரப்பாக்கி, தூசியைத் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் பிடிக்காது. கைப்பிடியைப் பிஸ்டல் உடலில் மாட்டி, சுற்றியுள்ள இரும்பு முழுவதையும் மாஸ்க்கிங் டேப்பால் மூடுங்கள். டிரிகர் பக்கம் இரட்டை அடுக்கு. கையுறை போட்டுக்கொண்டு புட்டியின் இரண்டு பகுதியையும் சம அளவு எடுத்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். நிறம் திட்டுத்திட்டாக இல்லாமல் ஒரே சீராக வர வேண்டும். பிசையாத திட்டு இறுகவே இறுகாது.

இரண்டு மூன்று மி.மீ.க்கு மேல் போடாதீர்கள். மேலே பிளாஸ்டிக் உறையைச் சுருக்கமில்லாமல் விரித்து, எழுந்து நின்று, கையை நீட்டி, சுடும்போது பிடிப்பது போலப் பிடியுங்கள். உட்கார்ந்துகொண்டு மடியில் வைத்துப் பிடித்தால் அச்சு தப்பாக வரும். கை நீளும்போது உள்ளங்கைச் சதை வேறு மாதிரி இறுகும். அதிகம் அழுத்தவும் வேண்டாம். ஒரு நிமிடம் போதும். கையை எடுத்துவிட்டு, பிதுங்கிய ஓரத்தை ஈரக் கத்தியால் வழித்துவிடுங்கள். ராத்திரி முழுக்கக் காயட்டும்.

விரல் விரலாக ஆழமான பள்ளம் வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். நம் ஊர் சித்திரை வெயிலில் கை காலையில் ஒரு அளவு, மதியம் ஒரு அளவு. போட்டியில் 60 குண்டை 75 நிமிடத்தில் சுட வேண்டும். முதல் குண்டுக்குக் கச்சிதமாக இருந்த பள்ளம் ஐம்பதாவது குண்டுக்கு விரலைக் கடிக்கும்.

மறுநாள் 120 எண் தாளால் மேடு பள்ளத்தைத் தடவி எடுத்துவிட்டு, கண் மூடும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சைட் நடுவுக்கு வரும் வரை இப்படியே கொஞ்சம் சேர்த்து, கொஞ்சம் எடுத்து.

அரம் போட வேண்டிய இடங்கள்

ஆள்காட்டி விரல் மரத்தில் எங்கேயும் உரசக் கூடாது. விரலின் முதல் கணு டிரிகரில் படும்போது விரலுக்கும் மரத்துக்கும் இடையே வெளிச்சம் தெரிய வேண்டும். உரசினால் டிரிகரை இழுக்கும்போது மரத்தையும் சேர்த்துத் தள்ளுவீர்கள், குண்டு பக்கவாட்டில் போகும். உருண்டை அரத்தால் அங்கே ராவுங்கள். அப்புறம் சாக்பீஸ் கோடு போல அடர்த்தியாகப் பட்ட இடங்கள். வேறெங்கும் இப்போதைக்கு மரத்தை எடுக்க வேண்டாம்.

காரைக்குடியில் கைவேலை தெரிந்த ஆசாரிகளுக்குப் பஞ்சமில்லை. நிலைக்கதவில் பூவும் கொடியும் செதுக்குகிற கை அது. அரத்தை எப்படிப் பிடிப்பது, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ரொம்ப உதவும். ஆனால் வேலையை அவரிடம் விட்டுவிடாதீர்கள். அவர் பார்ப்பது வடிவு, நமக்கு வேண்டியது பொருத்தம். பொருத்தம் தெரிவது உங்கள் ஒரு கைக்கு மட்டும்.

உள்ளங்கைக்கு அடியில் இருக்கும் தட்டை, அதாவது பாம் ஷெல்ஃபை, கையை நெரிக்காமல் தொட்டுக்கொண்டு இருக்கும்படி வையுங்கள். கைக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு தாளைச் செருகி இழுத்தால் லேசாகப் பிடித்து, கிழியாமல் வர வேண்டும்.

விதியைத் தாண்டாமல்

பன்னாட்டு விதிப்படி ஏர் பிஸ்டல் முழுவதும் 420 × 200 × 50 மி.மீ. உள்ளளவு கொண்ட பெட்டிக்குள் அடங்க வேண்டும். புட்டி போட்ட கைப்பிடி மாட்டிக்கொள்வது அந்த 50 மி.மீ. அகலத்தில்தான். பிளைவுட்டில் அந்த அளவுக்கு ஒரு பெட்டி அடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிறகு போட்டுப் பாருங்கள். பாம் ஷெல்ஃப் கைப்பிடியோடு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் இருக்க வேண்டும், மேல்நோக்கி வளையக் கூடாது. கட்டைவிரல் தடையில்லாமல் மேலே எழ வேண்டும். கைப்பிடி கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, மணிக்கட்டு வெளியே தெரிய வேண்டும். மொத்த எடை 1,500 கிராமுக்குள்.

டிரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தூக்க வேண்டும். குழலைச் செங்குத்தாக நிறுத்தி 500 கிராம் எடையை டிரிகரில் மாட்டித் தூக்கிப் பாருங்கள். கையேட்டில் சொன்ன திருகைத் தவிர வேறு எதையும் தொடாதீர்கள். பத்து இருபது கிராம் கூடவே இருக்கட்டும், போட்டி நாளில் கவலை இருக்காது. டிரிகர் நாக்கை முன்னும் பின்னும் நகர்த்தும் வசதி இருந்தால், கைப்பிடி வேலை முடிந்த பிறகு அதைச் சரிசெய்யுங்கள். முன்னால் செய்தால் திரும்பவும் செய்ய வேண்டி வரும்.

மேல்பூச்சு

வார்னிஷ் ஒரேயடியாக வேண்டாம். வேர்த்த கையில் அது வழுக்கும். 240 எண் தாளோடு நிறுத்திக்கொண்டு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு, மறுநாள் இன்னொன்று. தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது, பிசுபிசுவென்றே இருக்கும், அதனால் அது கூடாது. முக்கியமாக ஒன்று: ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியில் விரித்துக் காயவைத்து, அப்புறம் எறியுங்கள்.

அரம் போட்ட தூளை விளக்குமாற்றால் கிளப்பாமல் ஈரத் துணியால் துடையுங்கள். வால்நட் தூள் சிலருக்கு மூக்கிலும் தோலிலும் அரிப்பு உண்டாக்கும். முகக்கவசத்தை அதுவரை கழற்ற வேண்டாம்.

ஐப்பசி மழை தொடங்கினால் மரம் ஈரம் குடித்துக் கொஞ்சம் உப்பும், பங்குனிக்குத் திரும்பச் சுருங்கும். இரண்டு சமயத்திலும் கைப்பிடித் திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, கண் மூடும் சோதனையை ஒருமுறை செய்யுங்கள். சைட் ஒதுங்கியிருந்தால் முதலில் திருகு. அதற்கப்புறமும் ஒதுங்கினால் மட்டும் உப்புத்தாள்.