இஜேபு மக்களின் இக்கோகோரே செய்வது எப்படி?

நைஜீரியச் சாப்பாடு என்றதும் பலருக்கும் ஜொலாஃப் சோறுதான் நினைவுக்கு வரும். இக்கோகோரே அவ்வளவு பேர் வாங்கவில்லை. துருவிய கிழங்கைக் காரக் குழம்பில் கிள்ளிப் போட்டு வேகவைக்கும் இஜேபு வீட்டுச் சமையல் அது.

லாகோஸுக்கு வடகிழக்கே, ஓகுன் மாநிலத்தில் இருக்கிறது இஜேபு-ஓடே. யொருபா இனத்தின் ஒரு பிரிவான இஜேபு மக்களின் தலைநகர் அது. அரசருக்கு அவுஜாலே என்று பட்டம். பக்ரீத் முடிந்த மூன்றாம் நாள் ஓஜுதே ஓபா விழா. ஒரே வயதுக்காரர்கள் குழு குழுவாக ஒரே மாதிரி உடுத்தி, அரண்மனை முன்னே வந்து அவருக்கு மரியாதை செய்வார்கள். குதிரைச் சவாரியும் உண்டு. சரி, அடுப்படிக்குப் போவோம்.

முதலில் கிழங்கு. பெருவள்ளிக் கிழங்குதான் வேண்டும். கன்னியாகுமரிப் பக்கம் காச்சில் என்பார்கள். இலங்கையில் கூழ் காய்ச்சும் இராசவள்ளி இதன் ஊதா ரகம். நமக்கு வெள்ளை ரகம் போதும். இதில் நீர்ச்சத்து அதிகம், உரலில் இடித்தால் இழுவை வராது. அதனால் இஜேபுக்காரர்கள் துருவிவிடுகிறார்கள். சேனையை வைத்து முயல வேண்டாம், பதம் வராது.

நாலு பேருக்கு: கிழங்கு 1 கிலோ, சிவப்புக் குடைமிளகாய் 2, காரமான பழுத்த மிளகாய் 2 அல்லது 3, பெரிய வெங்காயம் 1, சுத்திகரிக்காத சிவப்புப் பாமாயில் 6 மேசைக்கரண்டி, புகையிட்ட மீன் ஒரு கை, காய்ந்த கூனி இறால் 2 மேசைக்கரண்டி, உப்பு. மீனுக்கு மாசிக்கருவாடு நன்றாகவே பொருந்தும். அங்கே இரு என்ற புளித்த விதையும் சேர்ப்பார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

1. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோல் சீவுங்கள், இல்லையென்றால் அரிக்கும். துருவியின் சின்னக் கண்ணில் துருவி, உப்புப் போட்டுப் பிசையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். மாவு கொழகொழவென்று இருக்க வேண்டும், ஆனால் கரண்டியிலிருந்து ஓடக் கூடாது.

2. மிளகாய்களையும் வெங்காயத்தையும் அரைத்து, பாமாயிலில் பச்சை வாசனை போக வதக்குங்கள்.

3. இரண்டரைக் கப் தண்ணீர், மீன், கூனி, உப்பு சேர்த்துத் தளதளவென்று கொதிக்க விடுங்கள்.

4. இனிமேல்தான் கவனம். மாவை எலுமிச்சை அளவுக்குக் கிள்ளிக் கிள்ளி, கொதிக்கும் குழம்பில் போடுங்கள். போட்டதும் கிளறத் தோன்றும். கரண்டியை எடுத்து அப்பால் வைத்துவிடுங்கள். வேகாத மாவைக் கிளறினால் எல்லாம் கரைந்து பசையாகிவிடும். மூடி போட்டு, சிறு தீயில் 15 நிமிடம். உருண்டைகள் ஓரத்தில் கண்ணாடிபோல் மினுங்கி, அழுத்தினால் உள்ளே வெள்ளை மாவு தெரியாமல் இருந்தால் வெந்துவிட்டது. அப்புறம் அடியிலிருந்து மெதுவாக ஒரு புரட்டு. பாதி கரைந்து குழம்பு கெட்டியாகும், பாதி கட்டியாக நிற்கும். இந்தக் கட்டிகள்தான் இக்கோகோரேயின் அழகு.

5. உப்புப் பார்த்து இறக்குங்கள். ஆற ஆற இறுகும், அதனால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குவது நல்லது.

அங்கே இதற்கு ஆறிப்போன ஏபாவைத் தொட்டுக்கொள்வார்கள். புளிக்கவைத்த மரவள்ளியைப் பிழிந்து வறுத்த ரவை காரி. அதைக் கொதிநீரில் கிளறினால் ஏபா. இஜேபு காரி பொடியாக, நல்ல புளிப்பாக இருக்கும். காரி கிடைக்காவிட்டால் இக்கோகோரேயை மட்டும் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிடுங்கள். வயிறு நிறையும்.