பழைய காரின் ஏசிக்கு வீட்டிலேயே கேஸ் நிரப்பும் முன்

குளிர்ச்சி குறைந்தவுடன் கேஸ் கேனை வாங்கிவிடாமல், முதலில் எந்த வகை கேஸ் என்று அறிய பானெட்டின் உட்புறம் ஒட்டியுள்ள லேபிளைப் படியுங்கள். 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய பல கார்களில் ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் கேஸ் இருந்தது, அதனுடன் பின்னர் வந்த ஆர்-134ஏ கேஸைக் கலக்கவே கூடாது. குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கோடு தூசி அப்பியிருந்தால் கசிவு பெரும்பாலும் அங்கேதான். அதைச் சரிசெய்யாமல் நிரப்பினால், பணமும் வீண், வெளியேறும் வாயு காற்று மண்டலத்துக்கும் கேடு.

ஆர்-134ஏ வண்டியென்றால், பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் அணிந்து, இன்ஜினை ஓடவிட்டு, ஏசியை முழு அளவில் வைத்து, தடித்த குழாயிலுள்ள குறை அழுத்த முனையில் மட்டுமே கேனை இணைக்க வேண்டும். உயர் அழுத்த முனையில் மாட்டினால் கேன் வெடிக்கக்கூடும். அன்றைய வெயிலுக்கு, கேனோடு இணைக்கும் அழுத்த மீட்டர் காட்டும் எல்லையைத் தாண்டாதீர்கள், ஏனெனில் அளவு மிஞ்சினால் குளிர்ச்சி மேலும் குறைவதோடு கம்ப்ரஸரும் பழுதாகும்.