நல்ல விலை வருகிறது, கொடுத்துவிடலாமா? கார் விற்கிறபோது விடும் பிழைகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டு அண்ணை மதிலுக்கு மேலால் எட்டிக் கேட்டார். "தம்பி, வாகன் ஆருக்கு அறுபத்து மூன்று கேக்கிறாங்கள். குடுத்துவிடட்டோ?"

2018 தொடக்கத்தில் 33 இலட்சத்துக்கு வாங்கிய சின்ன சுசுகி கார். ஏழு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது, பின் பம்பரில் ஒரு நீளக் கீறல், சீற் உறை ஒரு பக்கம் கிழிந்திருக்கிறது. அதற்கு 63 இலட்சம் என்றால் யாருக்குத்தான் கை துறுதுறுக்காது? நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "வித்துப்போட்டுத் திங்கட்கிழமை அக்கா பள்ளிக்கூடத்துக்கு எதில போவா?" அவருடைய மனைவி கோப்பாயில் படிப்பிக்கிறார். அண்ணை பதில் சொல்லாமல் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

இலங்கையில் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தச் சபலம் ஒரு தடவையாவது வந்திருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். கொரோனாக் காலம், டொலர் கையில் இல்லை. அதன்பிறகு நாட்டுக்குள் ஏற்கெனவே இருந்த வண்டிகளே கைமாறிக்கொண்டிருந்தன. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டதும், 200 ரூபாய்ச் சொச்சத்தில் பிடித்து வைத்திருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2025 பெப்ரவரி 1இல் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தபோது, பழைய கார்களின் விலை பாதியாகிவிடும் என்று பலர் விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அப்போது டொலர் 300 ரூபாய்ப் பக்கம், இயந்திரத்தின் அளவைப் பார்த்து உற்பத்தி வரி, விலை கூடிய வண்டியென்றால் ஆடம்பர வரி, எல்லாவற்றுக்கும் மேல் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி). புது வண்டி அந்த விலையில் வந்து இறங்கினால் பழைய வண்டி ஏன் இறங்கப்போகிறது?

சரி, விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று யோசிக்கிறபோது ஆட்கள் எங்கே பிழை விடுகிறார்கள் என்று பார்ப்போம்.

ரூபாயை மட்டும் பார்ப்பது

அண்ணையின் கணக்கு இப்படி: 33க்கு வாங்கினேன், 63க்கு விற்கிறேன், 30 இலட்சம் இலாபம். ஆனால் அவர் வாங்கிய நேரம் டொலர் 154 ரூபாய்ப் பக்கம் இருந்தது. 33 இலட்சம் என்பது அன்றைக்கு ஏறக்குறைய 21,400 டொலர். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால், இந்த 63 இலட்சம் 21,000 டொலர். கார் அங்கேயேதான் நிற்கிறது, கீழே இறங்கியது ரூபாய்.

இதில் இலாபமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஏழு வருடம் ஓடிய கார் சாதாரணமாகப் பாதி விலைக்காவது இறங்கியிருக்க வேண்டும். இறங்காமல் நின்றதுதான் அவருடைய இலாபம். அத்தனை வருடமும் தேய்மானச் செலவு இல்லாமல் ஓடியிருக்கிறார். அந்த இலாபம் ஏற்கெனவே அவர் கைக்கு வந்துவிட்டது, அதற்காகக் காரை விற்கத் தேவையில்லை.

விற்றுவிட்டு விலை இறங்கும்வரை காத்திருப்பது

மிகப் பெரிய பிழை என்று நான் நினைப்பது இதைத்தான். வவுனியாவில் இருக்கிற என் மச்சான் 2021இல் தன்னுடைய இந்திய ஆல்டோவை 24 இலட்சத்துக்குக் கொடுத்தான். வாங்கிய விலையைவிடக் கூட என்று வீட்டில் பால்சோறு பொங்காத குறை. "இறக்குமதி எப்படியும் அடுத்த வருசம் திறக்கும், அப்ப புதுசாவே எடுக்கலாம்" என்பது அவன் திட்டம். காசு வங்கியில் சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தது. அடுத்த வருடம் இறக்குமதி திறக்கவில்லை, ரூபாய்தான் விழுந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 69.8 வீதம். அந்த வருட முடிவில் அதே வகை, அதே வருட ஆல்டோவுக்கு 35 கேட்டார்கள். மச்சான் இரண்டு வருடம் மோட்டார் சைக்கிளில் மழைக்கோட்டோடு திரிந்தான். இப்போதும் யாராவது ஆல்டோ என்றால் பேச்சை மாற்றுவான்.

அதே காலத்தில் விற்ற இன்னொருவர் தப்பினார், அதையும் சொல்ல வேண்டும். அவர் 2022 கடைசியில் விற்று, காசை ஒரு வருட நிலையான வைப்பில் போட்டார். சில இடங்களில் 25 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த நேரம் அது. அவருக்கு வீட்டில் இரண்டாவது வண்டி இருந்தது, அவசரமும் இல்லை. ஆக, விற்றது பிழையில்லை. காசைப் போட இடமும், ஓட வேறு வண்டியும் இல்லாமல் விற்றதுதான் பிழை.

எந்த மாதம் விலை இறங்கும் என்று தெரிந்த மாதிரிப் பேசுகிற ஆட்கள் ஒவ்வொரு கராஜிலும் ஒருவர் இருப்பார். வரியைக் கூட்டுவதும் குறைப்பதும் ஒரு வர்த்தமானி அறிவித்தலில் ஓர் இரவில் நடக்கிற வேலை. அதை முன்கூட்டிச் சொல்ல யாருக்கும் வாய்ப்பில்லை.

மேலே ஏறுகிறவர் கொடுக்கிற வித்தியாசம்

"என்னுடையதுக்கு நல்ல விலை வருகிறது, இதோடு கொஞ்சம் போட்டுப் பெரிய வண்டி எடுக்கலாம்." இது கேட்க நன்றாக இருக்கும், கணக்கில் நிற்காது. உதாரணத்துக்கு, முன்பு சின்ன வண்டி 33, பெரியது 62 என்று வைப்போம். மேலே போட வேண்டிய காசு 29 இலட்சம். இரண்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கானால் சின்னது 63, பெரியது 120. இப்போது மேலே போட வேண்டியது 57 இலட்சம். உங்கள் கார் விலை கூடியதால் நீங்கள் முன்னேறவில்லை, ஏணிப்படிகளின் இடைவெளிதான் அகலமாகியிருக்கிறது.

திருப்பிப் பாருங்கள். பெரிய வண்டியிலிருந்து சின்னதுக்கு இறங்குகிறவருக்கு அந்த 57 கைக்கு வருகிறது. பிள்ளைகள் வெளிநாடு போய், வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருந்து, பெரிய வான் வாரத்துக்கு ஒருநாள் கோயிலுக்கு மட்டும் எடுக்கப்படுகிறது என்றால் விற்கலாம். இரண்டாவது கார் போர்ட்டிக்கோவில் தூசி பிடித்து நிற்கிறது என்றாலும் விற்கலாம். குடும்பத்தோடு கனடா போகிறீர்கள் என்றால் கேள்வியே இல்லை. விலை கூடிய சந்தையில் உண்மையாகவே வெல்கிறவர்கள் இறங்குகிறவர்களும் வெளியேறுகிறவர்களும்தான்.

2022இல் எங்கள் ஒழுங்கையில் ஓடாத பழைய காரைக்கூட ஆட்கள் விற்காமல் வைத்திருந்தார்கள், நினைவிருக்கிறதா? பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். பழைய கார் ஓடாவிட்டாலும் அதன் பெயரில் பெற்றோல் வந்தது. 2023 செப்டெம்பரில் கியூஆரை நிறுத்தினார்கள், அந்தக் கார்கள் சில இன்னும் தார்ப்பாயின் கீழேதான் நிற்கின்றன. வைத்திருக்கக் காரணம் போன பிறகும் பழக்கத்தில் வைத்திருப்பதும் ஒரு பிழைதான்.

எல்லாக் காரும் காத்திருக்காது

வைத்திருந்தால் விலை நிற்கும் என்பது பழைய கொரோலாக்களோடு வளர்ந்த தலைமுறையின் நம்பிக்கை. இன்றைய வண்டிகளில் வயது வேறு இடத்தில் ஏறுகிறது. நிசான் லீஃப் என்ற மின்சாரக் கார் நல்ல உதாரணம். பத்து வருடத்துக்கு முன் கூட்டங்கூட்டமாக வந்து இறங்கின. அதன் பற்றரிக்குத் தனியான குளிரூட்டல் இல்லை. நம்முடைய வெயிலில் டாஷ்போர்ட்டில் பற்றரியின் நிலையைக் காட்டுகிற 12 கட்டங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒரு கட்டம் குறைய ஓடும் தூரமும் குறைகிறது, கேட்கிற விலையும் குறைகிறது. சந்தை எவ்வளவு ஏறினாலும் அந்த வண்டி தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டதுக்கு நல்ல விலை வந்தால் யோசிக்காமல் கொடுக்கலாம்.

ஹைபிரிட் வைத்திருக்கிறவர்கள் விலை பேசுமுன் பற்றரியை ஸ்கானரில் போட்டுப் பாருங்கள். டொயோட்டா அக்குவா என்றால் பின் சீற்றுக்குக் கீழே பற்றரி, சீற்றின் பக்கவாட்டில் காற்று இழுக்கிற வலைத்துவாரம். எங்கள் பக்கத்துச் செம்மண் தூசியும் நாய் மயிரும் அதில் அடைத்துப் போய் இருப்பதை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயில் துப்புரவாக்கியிருக்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டு, பற்றரி சூடேறி, வாங்க வந்தவர் முன்னாலேயே எச்சரிக்கை விளக்கு எரிந்த கதையும் உண்டு. பற்றரி நல்ல நிலையில் இருந்தால் அந்த ஸ்கான் படத்தைத் தொலைபேசியில் வைத்திருங்கள், விலை பேசும்போது அதுவே பேசும். சரியில்லை என்றால் மாற்றுகிற செலவைக் கழித்துத்தான் "நல்ல விலை"யை அளக்க வேண்டும்.

விளம்பர விலையை விற்பனை விலை என்று நம்புவது

இணையத்தில் 68 என்று போட்டிருப்பார்கள். மூன்று மாதமாக அதே படம், அதே 68. அந்த வண்டி விற்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். உண்மையான விலை தெரிய வேண்டுமென்றால், வாங்குகிறவர் போல் இரண்டு மூன்று பேருக்கு எடுத்துக் கேளுங்கள், அவர்கள் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் விற்பனை நிலையம் ஒன்றில் உங்கள் வண்டியைக் காட்டிக் கையில் என்ன தருவார்கள் என்று கேளுங்கள். உங்கள் விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கும்.

லீசிங்கில் இருக்கிற கார் என்றால், பதிவுப் புத்தகத்தில் அறுதி உரிமையாளர் நீங்கள் இல்லை, கடன் தந்த லீசிங் கொம்பனிதான். கொம்பனியிடம் முன்கூட்டி முடிக்கிற தொகையை எழுத்தில் வாங்குங்கள். மீதித் தவணைகளைப் பெருக்கிப் பார்த்துப் போடுகிற மனக்கணக்குக்கும் அவர்கள் தருகிற தொகைக்கும் வித்தியாசம் வரும், முன்கூட்டி முடிப்பதற்கு அறவிடும் கட்டணமும் அதில் இருக்கும்.

ஓபன் பேப்பர்

வாங்குகிறவரின் பெயரை நிரப்பாத படிவத்தில் கையெழுத்து வைத்து, உரிமையை மாற்றாமல் வண்டியைக் கொடுப்பதுதான் ஓபன் பேப்பர். விலை ஏறுகிற காலத்தில் இடைத்தரகர் கையில் வண்டி ஒரு வாரம் நின்றாலே இலாபம். அதனால் அவர்கள் தங்கள் பெயருக்கு மாற்ற விரும்புவதில்லை. "ஐயா, இந்தப் படிவத்தில கையெழுத்தை மட்டும் வையுங்கோ, வாங்கிற ஆளின்ர விபரத்தை நாங்கள் நிரப்புறம்." அடையாள அட்டைப் பிரதி, கையெழுத்து, பதிவுப் புத்தகம், சாவி. காசு முழுக்கக் கையில். நல்ல வியாபாரம் என்று தோன்றும்.

மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் கணினியில் அந்த வண்டி இன்னும் உங்களுடையது. யாரோ ஒருவர் வாரியபொலவில் ஒருவரை இடித்துவிட்டு நிற்காமல் போனால், இலக்கத் தகட்டைப் பிடித்துப் பொலிஸ் வருவது உங்கள் வீட்டுக்கு. எங்கள் உறவினர் ஒருவர் இப்படி விற்று ஒன்றரை வருடம் கழித்து, தான் கால் வைத்திராத ஊரின் பொலிஸ் நிலையத்துக்கு மூன்று தடவை போனார். தரகரின் தொலைபேசி அணைந்திருந்தது. அவரைக் காப்பாற்றியது விற்ற அன்று எழுதிய கடிதத்தின் ஒரு பிரதி: திகதி, நேரம், மைலேஜ், வாங்கியவரின் அடையாள அட்டை இலக்கம், இருவர் கையெழுத்து. நேரம் எழுதுவதை ஆட்கள் மறந்துவிடுவார்கள். அன்றைக்கே பின்னேரம் விபத்து நடந்தால் அந்த நேரம்தான் சாட்சி.

வண்டி கைமாறி 14 நாட்களுக்குள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். உரிமை மாற்றத்துக்கு இப்போது வரி இலக்கமும் கேட்கிறார்கள், அதை முதலே எடுத்து வையுங்கள். வாங்குகிறவர் மாற்ற மாட்டேன் என்றால், இரண்டு இலட்சம் குறைத்துக் கேட்கிற ஆனால் தன் பெயருக்கு மாற்றுகிற ஆளுக்குக் கொடுப்பேன் நான். காசு வாங்குவதை வங்கிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் காட்டுகிற "அனுப்பியாச்சு" படத்தை நம்பிச் சாவியைக் கொடுக்காதீர்கள்.

விற்காமல் விட்டவர்கள் மறப்பது

அண்ணை கடைசியில் விற்கவில்லை. தேத்தண்ணி குடித்து முடித்துத் திரும்பி வந்து, "அதே காசுக்கு இதைவிட நல்லது கிடைக்காதுதான்" என்றார். நான் காப்புறுதிப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னேன். வண்டியின் பெறுமதி என்ற இடத்தில் 38 இலட்சம் என்று இருந்தது. ஒவ்வொரு வருடமும் கட்டணம் கூடாமல் இருக்க அதையே புதுப்பித்திருக்கிறார். வண்டி முழுதாக அழிந்தால் அவருக்கு வருவது அதிகபட்சம் 38. சின்ன விபத்துக்கும், குறைத்துக் காப்புறுதி செய்ததாகச் சொல்லி அதே விகிதத்தில் வெட்டலாம். 63க்கு விற்க மறுத்த காரை 38க்குக் காப்புறுதி செய்து வீதியில் விட்டிருக்கிறார் மனிதர்.

திங்கட்கிழமை அக்கா வழக்கம்போல் வாகன் ஆரில் கோப்பாய்க்குப் போனார். அண்ணை பஸ்ஸில் ரவுணுக்குப் போய்க் காப்புறுதியை மாற்றிக்கொண்டு, வரும்போது சீற் உறைக்குத் துணியும் வாங்கி வந்தார்.