பத்து நிமிடச் செய்தியில் டெல்லிக்கு எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு?

வானொலியின் மண்டலச் செய்திப் பிரிவு ஒன்றில் பல வருடம் பகுதிநேர ஆசிரியராக மதியச் செய்தியறிக்கை தயாரித்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் முதல் நாளே கேட்பது: "டெல்லிச் செய்திக்கு எத்தனை நிமிடம், நம்மூருக்கு எத்தனை நிமிடம்?" நிமிடக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். கேட்பவர் காதில் காலையிலிருந்து என்ன விழுந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

அதற்குக் காலை 7.15 தேசியச் செய்தியைத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கேட்க வேண்டும். அதில் வந்ததையே மதியமும் வாசிக்காதீர்கள். இடையில் ஏதாவது மாறியிருந்தால் மாறியதை மட்டும் இரண்டு வரியில் சொல்லுங்கள். மத்திய பட்ஜெட் போன்ற நாள் வேறு. நிதியமைச்சர் 11 மணிக்குத்தான் வாசிக்கத் தொடங்குவார், காலையில் யாரும் கேட்டிருக்க முடியாது. அன்று டெல்லியே முதலில் வரட்டும், ஊர்ச் செய்தியை வலிந்து முன்னால் தள்ள வேண்டாம்.

அடுத்து, டெல்லிச் செய்தி நம்மூரில் எங்கே வந்து இறங்குகிறது என்று தேடுங்கள். நெல் விலையையே எடுத்துக்கொள்வோம். 2025-26 காரீப் பருவத்துக்கு மத்திய அரசு 14 பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவித்தது. தேசியச் செய்தியில் பருத்தி, துவரை என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. நமக்கு நெல் போதும். சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். தமிழக அரசு ஊக்கத்தொகை 131 ரூபாய் அறிவித்ததும் அது 2,500 ஆனது. ஆனால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை 40 கிலோ மூட்டையாகத்தான் பிடிக்கிறார்கள். ஆக, நீங்கள் எழுத வேண்டிய வரி: "மூட்டைக்கு ஆயிரம் ரூபாய் கிடைக்கும்." வரப்பில் நின்று கேட்பவருக்குக் கணக்குப் போடும் வேலை மிச்சம். கூடவே ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துவிட்டால், அது முழுக்க நம்மூர்ச் செய்திதான்.

நான் தவறியது ஒரு நாள் உண்டு. மத்திய அமைச்சரவை மாற்றம், இலாகா பட்டியல் ஒலிபரப்புக்குக் கால் மணி நேரம் முன்னால்தான் வந்தது. இணையமைச்சர்கள் வரை ஒருவர் விடாமல் சேர்த்தேன். இடம் போதாமல் புயல் எச்சரிக்கையை ஒரே வரியாக வெட்டினேன். மறுநாள் கடற்கரை ஊரிலிருந்து ஒரு படகுக்காரர் போன் செய்தார். "மந்திரிங்க பேரெல்லாம் ஒண்ணு விடாம வாசிச்சீங்க ஐயா. கடலுக்குப் போக டோக்கன் உண்டா இல்லையான்னு சொல்லலையே." அவர் குரலில் கோபம்கூட இல்லை. எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு, தாளுக்கு ஒரு செய்தியாக எழுதியதில் சில தாள்களுக்குப் பென்சிலால் குறி போடத் தொடங்கினேன். கடைசி நேரத்தில் டெல்லியிலிருந்து ஏதாவது வந்து விழுந்தால் எதை நீக்கலாம் என்பதற்கான குறி. நிதானமாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள், பரபரப்பில் கை தவறானதைத்தான் நீக்கும். மழை, புயல், அணை நீர், மின்தடை, ரேஷன் செய்திகளுக்கு அந்தக் குறி போடவே கூடாது. தலைப்புச் செய்திகளை இருமுறை வாசித்தது போக எட்டரை நிமிடம்தான் மிஞ்சும். ஒவ்வொரு தாளையும் வாய்விட்டு வாசித்துக் கடிகாரம் பார்த்து, ஓரத்தில் நொடியை எழுதி வையுங்கள்.

உள்ளூர் என்றால் நிலையம் இருக்கிற ஊர் மட்டும் இல்லை. ஆட்சியர் அலுவலகக் குறிப்பில் வரும் திறப்பு விழா எல்லாம் செய்தியும் இல்லை. மாவட்டச் செய்தியாளர்களை நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள். சனிக்கிழமை தோறும் அந்த வாரத் தாள்களை மாவட்டவாரியாகப் பிரித்து அடுக்கிப் பாருங்கள். எந்த மாவட்டத்துக்கு ஒரு தாள்கூட இல்லையோ, திங்கட்கிழமை முதல் போன் அங்கே போகட்டும்.

ஜூன் 12 வாக்கில் மேட்டூர் திறக்கும்போது திறந்தவர் பெயர் எல்லா இடத்திலும் வந்துவிடும். நீங்கள் நீர்வளத்துறைக்குப் போன் போட்டு, கல்லணைக்குத் தண்ணீர் என்றைக்கு வரும், கடைமடைக்கு எத்தனை நாளில் போகும் என்று கேட்டு முதல் வரியில் வையுங்கள்.