ஈபிஎஃப் பணம் உங்களுடையது, கணக்குப் பார்ப்பது இப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மார்ச் மாதம் பிறந்தால் சாப்பாட்டுக் கடையில் ஒரே கேள்விதான்: நம் சம்பளத்தில் பிடிக்கிற ஊழியர் சேமநிதி வாரியம், அதாவது ஈபிஎஃப், இந்த வருசம் எத்தனை விழுக்காடு லாப ஈவு தருகிறது? 2024ஆம் ஆண்டுக்கு 6.30 என்று கேட்டதும் எல்லாரும் சந்தோஷமாக எழுந்து போனார்கள். நான் சொல்ல வருவது, அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

முதலில், பணம் உள்ளே வந்ததா என்று பாருங்கள். 1,700 ரிங்கிட் சம்பளத்துக்கு உங்கள் பங்கு 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட். முதலாளி பங்கு 13 விழுக்காடு, 221 ரிங்கிட். இரண்டும் சேர்த்து 408, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் கொன்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவர்கள் இதை மாதாமாதம் பார்ப்பது நல்லது, ஏனென்றால் சம்பளச் சீட்டில் பிடித்தம் காட்டிவிட்டு வாரியத்துக்குக் கட்டாமல் விடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். ஈபிஎஃப்பின் ஐ-அக்காவுன் செயலியில் ஒவ்வொரு மாதத் தொகையும் தனித்தனியாகத் தெரியும். போனில் பார்க்கத் தெரியாத அப்பா அம்மாவுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு மாதம் விடுபட்டிருந்தால் சம்பளச் சீட்டோடு ஈபிஎஃப் கிளையில் புகார் கொடுங்கள், தோட்டத்துக் கிராணியிடம் சொல்லிவிட்டு மட்டும் காத்திருக்காதீர்கள்.

அடுத்து லாப ஈவு. சாதாரணச் சேமிப்புக்குச் சட்டம் உறுதி தருவது வருடத்துக்கு 2.5 விழுக்காடு மட்டும்தான், அதற்கு மேல் வருவதெல்லாம் முதலீடு சம்பாதித்தது. இஸ்லாமிய முறைப்படி முதலீடு செய்யும் ஷரியா சேமிப்புக்கு அந்த உறுதியும் கிடையாது. ஒரு வருட எண்ணை மட்டும் வைத்து மகிழாமல், புலம்பாமல், நாலைந்து வருடத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள்: சாதாரணச் சேமிப்புக்கு 2020இல் 5.20, 2021இல் 6.10, 2022இல் 5.35, 2023இல் 5.50. அப்புறம் அந்தந்த வருடத்து விலைவாசி உயர்வைக் கழியுங்கள். மூன்று வருட சராசரியில் விலைவாசிக்கு மேல் குறைந்தது 2 விழுக்காடு தர வேண்டும் என்பது வாரியம் தனக்கே வைத்துக்கொண்ட இலக்கு, அதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

சரி, இந்தப் பணம் எங்கே வேலை செய்கிறது? 2024 முடிவில் ஈபிஎஃப் கையில் இருந்த முதலீடு ஏறக்குறைய 1.25 டிரில்லியன் ரிங்கிட். கிட்டத்தட்ட பாதி அரசாங்கப் பத்திரம், கடன் பத்திரம் போன்றவற்றில், மீதியில் பெரும்பங்கு கம்பெனிப் பங்குகளில், கொஞ்சம் கட்டடத்திலும் சாலை மாதிரியான திட்டங்களிலும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டில் இருக்கிறது. லண்டன் பேட்டர்சி மின்நிலைய மேம்பாட்டில்கூட ஈபிஎஃப்புக்குப் பங்கு உண்டு. நம் ஆட்களுக்கு இன்னும் நெருக்கமானது ஒன்று. கத்ரி தோட்டக் கம்பெனியை 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் ஒரே காலையில் வாங்கிப் போட்டது பிஎன்பி, அதுவும் பொதுமக்கள் சேமிப்பை நிர்வகிக்கிற அமைப்புதான். இன்றைய எஸ்டி கத்ரியில் ஈபிஎஃப்பும் பங்குதாரர். ஆக, பால்மரம் வெட்டிய காலத்துச் சேமிப்பு அந்தத் தோட்டத்துக்கே ஒரு துளி முதலாளியாக இருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

யார் முடிவு செய்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நிர்வாக வாரியத்தில் அரசாங்கம், முதலாளிகள், தொழிலாளர்கள் மூன்று தரப்புக்கும் ஆள் உண்டு. எதில் பணம் போடுவது என்பதை அந்த வாரியம் முடிவு செய்வதில்லை, தனியாக ஒரு முதலீட்டுக் குழு இருக்கிறது. அதில் நிதியமைச்சுக்கும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கும் இடம் உண்டு. இரண்டுக்கும் ஆள் நியமிப்பது நிதியமைச்சர்.

பணத்தை எதில் போடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதைக் கவனிப்பது ஏன் முக்கியம் என்றால், அரசாங்க ஊழியர் ஓய்வூதியப் பணத்தைப் பார்க்கும் கேடபிள்யூஏபி 2011, 2012 ஆண்டுகளில் அரசாங்க நிறுவனமான எஸ்ஆர்சி இன்டர்நேஷனலுக்கு 4 பில்லியன் ரிங்கிட் கடன் கொடுத்தது. அரசாங்க உத்தரவாதம் இருந்ததால் பணம் கொடுத்தவர்களுக்குப் பயமில்லாமல் போயிற்று, கடைசியில் சுமை வரிப்பணத்தின் தலையில் விழுந்தது. எஸ்ஆர்சி வழக்கில் 2020இல் முன்னாள் பிரதமர் நஜிப்புக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உத்தரவாதம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதைக் கட்டப்போவது யார் என்று உடனே கேளுங்கள்.

இன்னொன்று, சுருக்கமாக: 55 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு 2024 மே 11 முதல் வரும் பணம் 75, 15, 10 என்று மூன்று கணக்காகப் பிரிகிறது. பத்து விழுக்காட்டுப் பகுதியை எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் எடுத்த பணத்துக்கு லாப ஈவு கிடையாது. நமக்குப் பின் பணம் யாருக்குப் போக வேண்டும் என்று எழுதிவைக்கிற பெயர் நியமனத்தையும் அப்படியே சரிபாருங்கள்.

வாரியத்தின் ஆண்டறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மலாய் வாசிக்கத் தெரிந்த பிள்ளை ஒருவரை உட்கார வைத்து, எந்தத் துறையில் எவ்வளவு போட்டார்கள், எவ்வளவு நட்டம் எழுதினார்கள் என்ற பக்கங்களை மட்டும் பாருங்கள். புரியாததைக் குறித்துவைத்து, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் அடுத்த முறை கோயில் திருவிழாவுக்கு வரும்போது நேராகக் கேளுங்கள்.