பிளை கட்ட உரப்பை நார்

பிளை என்றது மீன் பிடிக்கத் தூண்டில் ஊசியில் இறகு, நார் கட்டிச் செய்யிற போலி இரை. அதைக் கட்டுறதுக்கு இறகு வாங்கத் தேவையில்லை. வெள்ளை உரப்பை ஒன்றின் நாடாக்களை உருவி, தையல் ஊசியால் நீளவாக்கில் கீறினால் மயிர்போல் நார் வரும். 7 சென்றிமீற்றர் நீளத்தில் முப்பது நார் போதும். கூட வைத்தால் கொழுத்துப்போய் நீந்தாது.

இந்தப் பை செய்யிற பொலிபுறொப்பிலீன் என்ற பிளாஸ்ரிக் தண்ணீர் குடிக்காது, தண்ணீரைவிடப் பாரமும் குறைவு. அதனால் நனைந்த இறகுபோல் கனக்காமல் எறியலாம். தூண்டில் ஊசியும் மெதுவாகத்தான் தாழும். யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடல் பக்கம் முழங்கால் தண்ணீரில் சாதாழையில் (கடலடித் தாவரம்) சிக்காமல் இழுக்க இது நல்ல வசதி.

நார் வழுக்கும். வெறும் ஊசியில் கட்டினால் முதல் பாரை மீனோடு கழன்றுவிடும். முதலில் ஊசித் தண்டில் நூலை நெருக்கிச் சுற்றி, அதன்மேல் நாரை வைத்து இறுக்குங்கோ. முடிச்சில் நிறமில்லாத நகப்பூச்சு இரண்டு தரம். ஊசிக் கண்ணை அது அடைக்காமல் பாருங்கோ, காய்ந்தபின் குத்தி எடுக்கிறது பெரிய கரைச்சல்.

வேலியில் வெயில் பட்டுக் கிடந்த பை வேண்டாம், நார் பொடிப்பொடியாக உடையும். ஆழமான ஓட்டத்துக்கும் இது சரிவராது. கூர்ப்பல்லுள்ள சீலா மீன் திரிகிற இடமென்றால் தங்கூசிக்கு (நைலோன் தூண்டில் நூல்) முன்னால் ஒரு சாண் கம்பி கட்டாயம்.