கூட்டாளிக்கு நேரோ கேஜ் என்ஜின்: டெக்கல் ஒட்டுறதுலயும் வெதரிங்லயும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போடியில இருக்க என் கூட்டாளிக்கு அவன் மகன் வெளிநாட்டுல இருந்து வரும்போது ஒரு குட்டி என்ஜின் வாங்கிட்டு வந்தான். டார்ஜிலிங் மலை ரயில இழுக்குற பி கிளாஸ் நீராவி என்ஜினோட மாடல், உள்ளங்கையில அடங்கிரும். நீல பெயிண்ட் மட்டுந்தான் அடிச்சிருந்துச்சு, நம்பர் கிடையாது எழுத்து கிடையாது, புது பாத்திரம் மாதிரி பளபளன்னு இருந்துச்சு. "மாப்ள, 1994-ல கல்யாணம் முடிச்ச கையோட நாங்க போனோம்ல, அன்னைக்கு எங்கள இழுத்துட்டுப் போன வண்டி மாதிரியே ஆக்கிக் குடுடா"ன்னு மதுரைக்கு வந்து கையில குடுத்துட்டுப் போயிட்டான். நம்ம பக்கம் இந்த வேலை தெரிஞ்ச ஆளுக கம்மி, சந்தேகம் கேக்கக்கூட ஆள் கிடையாது, நான் முந்தி செஞ்ச நாலஞ்சு வண்டியில பண்ணாத தப்பே இல்ல, அதெல்லாம் இந்த வண்டியில வந்துறக் கூடாதுன்னு பயந்து பயந்துதான் செஞ்சேன். அதான், தண்ணியில ஊற வச்சு ஒட்டுற எழுத்து பிலிம் (டெக்கல்) பத்தியும், ஓடுன வண்டி மாதிரி அழுக்கும் தேய்மானமும் ஏத்துற வேலை (வெதரிங்) பத்தியும் எழுதி வைக்கிறேன், இன்னொருத்தர் வண்டி வீணாப் போகக் கூடாது.

மொத தப்பு பிரஷ்ஷ எடுக்குறதுக்கு முன்னாடியே நடக்கும், கேஜையும் (ரெண்டு தண்டவாளத்துக்கு நடுவுல இருக்க அகலம்) ஸ்கேலையும் (நிஜ வண்டிய விட மாடல் எத்தன மடங்கு சின்னதுங்குறது) போட்டுக் குழப்பிக்கிறது. மதுரை–போடி லைன் 2010 கடைசி வரைக்கும் மீட்டர் கேஜா ஓடுனதால நம்ம ஆளுக நிறைய பேரு அதத்தான் நேரோ கேஜ்னு சொல்றாங்க. நம்ம ரயில்வே கணக்குல மீட்டர் கேஜ் 1000 மி.மீ., அது தனி. நேரோ கேஜ்னா 762 மி.மீ., இல்லன்னா 610 மி.மீ. டார்ஜிலிங் 610. என் கையில இருந்த மாடல் 1:76 ஸ்கேல், 9 மி.மீ. டிராக்ல ஓடுறது. இப்ப இது எதுக்குன்னு கேப்பீங்க. டெக்கல் ஷீட் வாங்குறப்ப 1:87-க்கு அடிச்சத வாங்கிட்டா எழுத்து எல்லாம் எட்டுல ஒரு பங்கு சின்னதாப் போயிரும். நிஜ என்ஜின்ல 150 மி.மீ. உயரம் இருக்க நம்பர் 1:76-ல கிட்டத்தட்ட 2 மி.மீ., 1:87-ல 1.7 தான். கேக்குறதுக்கு ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், ஒட்டிப் பாத்தா சட்டை அண்ணனோடது பட்டன் தம்பியோடதுங்குற மாதிரி தெரியும்.

அடுத்தது, எந்த வருஷத்து வண்டின்னு முடிவு பண்ணாம ஆரம்பிக்கிறது. இணையத்துல கிடைக்கிற நாலு படத்தப் பாத்து இதுல ஒரு கோடு, அதுல ஒரு சின்னம்னு எடுத்துப் போட்டா எந்தக் காலத்துலயும் ஓடாத வண்டி ஒண்ணு உருவாகிரும். யுனெஸ்கோ அந்த ரயில உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சது 1999-ல, அதனால 1994 வண்டியில பாரம்பரியச் சின்னம் எதையும் ஒட்டுனா அது அவன் பாத்த வண்டி இல்ல. நான் அவன் வீட்டு ஆல்பத்த வாங்கிட்டு வரச் சொன்னேன். ஒரே ஒரு ஃபோட்டோதான் என்ஜின் பக்கத்துல நின்னு எடுத்தது, அவுக வீட்டம்மா தோள் மறைச்சு நம்பர்ல கடைசி எழுத்து 3-ஆ 8-ஆன்னு தெரியல. இந்த மாதிரி எடத்துல நம்மளா ஒரு நம்பர ஊகிச்சு ஒட்டிறாதீங்க, அவங்களக் கேளுங்க. நான் கேட்டதுக்கு அவுக வீட்டம்மா பழைய டைரியில எழுதி வச்சிருந்தத எடுத்துக் காட்டுனாங்க, 3 தான். ஊகிச்சிருந்தா நான் 8-ன்னுதான் ஒட்டியிருப்பேன்.

டெக்கல வீட்டுலயே பிரிண்ட் எடுத்துக்கலாம்னு நினைக்கிறவங்களுக்கு ஒண்ணு. சாதாரண பிரிண்டர்ல வெள்ளை மை கிடையாது. சிவகாசி காலண்டர எடுத்துப் பாருங்க, அதுல சாமி கட்டியிருக்க வெள்ளை வேட்டி அச்சடிச்ச வெள்ளை இல்ல, பேப்பரோட வெள்ளை. அதே கதைதான் இங்கயும். கண்ணாடி மாதிரி இருக்க டெக்கல் பேப்பர்ல மஞ்ச எழுத்து அடிச்சு நீல என்ஜின் மேல ஒட்டுனா மஞ்ச காணாமப் போயி மங்கலா பச்சையா ஏதோ ஒண்ணு தெரியும், அடியில இருக்க நீலம் அம்புட்டும் மேல வந்துரும். ஒண்ணு வெள்ளை டோனர் வச்சு அடிக்கிறவங்ககிட்ட குடுங்க, இல்லன்னா வெள்ளைப் பேப்பர்ல சுத்தி நீலம் அடிச்சு வெட்டி ஒட்டணும், ஆனா அந்த நீலமும் வண்டி நீலமும் ஒத்துப் போறது ரொம்பக் கஷ்டம், அதனால எனக்கு மொத வழிதான் சரின்னு படுது. இங்க்ஜெட்ல எடுத்தா தண்ணியில போடுறதுக்கு முன்னாடி மேல கிளியர் அக்ரிலிக் ஸ்பிரே ரெண்டு கோட்டிங் அடிச்சுக் காய விடணும், மறந்தீங்கன்னா கிண்ணத்துக்குள்ள மை கரைஞ்சு ஓடுறத வேடிக்கதான் பாக்கணும்.

இப்ப ஒட்டுறது. மேட் பெயிண்ட், அதாவது பளபளப்பு இல்லாத பெயிண்ட் மேல நேரா ஒட்டுறதுதான் எல்லாரும் பண்ற தப்பு. மேட் பெயிண்ட் கண்ணுக்குத்தான் வழவழன்னு இருக்கும், உண்மையில மணல்தாள் மாதிரி மேடு பள்ளம். டெக்கலுக்கு அடியில அந்தப் பள்ளத்துல காத்து மாட்டிக்கிட்டு வெள்ளி பூத்த மாதிரி மினுக்கும், எழுத்தச் சுத்தி பிலிம் கட்டமாத் தெரியும். மொதல்ல பளபளப்பான கிளாஸ் வார்னிஷ், அது காஞ்ச பெறகு டெக்கல், இந்த வரிசைய மாத்தவே கூடாது. எழுத்த ஒட்டி எவ்வளவு நெருக்கமா வெட்ட முடியுமோ வெட்டிருங்க, புது பிளேடு போடுங்க.

தண்ணி விஷயத்துல நான் ரொம்ப அனுபவப்பட்டுட்டேன். எங்க ஏரியா போர் தண்ணி உப்புத் தண்ணி, வாளியில ஒரு வாரம் இருந்தா ஓரத்துல வெள்ளையாப் படிஞ்சிரும். அந்தத் தண்ணியில டெக்கல ஊற வச்சா காஞ்ச பெறகு எழுத்தச் சுத்தி வெள்ளை வளையம் வரும், அத மேல வார்னிஷ் அடிச்சு மறைக்கவும் முடியாது, உள்ளயே நிரந்தரமா தங்கிரும். ஆர்.ஓ. தண்ணி, இல்ல பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் எடுத்துக்கங்க, பாட்டில் வெலை ரொம்பக் கம்மிதான். ஒரு பத்து இருபது செகண்ட் முக்கி எடுத்து டிஷ்யூ மேல வச்சிருங்க, தானா நழுவுற வரைக்கும் காத்திருக்கணும். தண்ணிக்குள்ளயே போட்டு மெதக்க விட்டா பசை முழுசாக் கழுவிப் போயிரும், அப்பறம் ஒட்டாது.

டெக்கல் நல்லாப் படியிறதுக்கு மைக்ரோ செட், மைக்ரோ சால்னு ரெண்டு பாட்டில் திரவம் வரும், ரெண்டையும் மாத்திப் போடாதீங்க. செட் டெக்கலுக்கு அடியில, சால் மேல. சால் போட்டதும் டெக்கல் சுருங்கி நெளிஞ்சு அய்யோ போச்சேன்னு தோணும், அந்த நேரத்துல விரல வச்சு நேராக்கப் பாத்தீங்கன்னா நெஜமாவே போச்சு, ஏன்னா அது அப்ப ஈரத் தோசை மாதிரி கொழகொழன்னு இருக்கும். எந்திரிச்சுப் போயி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, அதுவா படிஞ்சு ரிவெட் மேல எல்லாம் உக்காந்திரும். நான் ஒரு பழைய வண்டியில இந்தப் பொறுமை இல்லாம ஒரு பக்க நம்பரையே கிழிச்சுட்டேன், மிச்சம் ஷீட் கிடையாது, அந்த வண்டி இன்னைக்கும் ஒரு பக்கம் மொட்டையாத்தான் அலமாரியில நிக்குது. அதனால எப்பவும் டெக்கல் ஷீட் ரெண்டா அடிச்சு வச்சுக்கங்க. ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுட்டு, திரும்ப ஒரு கோட்டிங் கிளாஸ் அடிச்சு மூடுன பெறகுதான் அழுக்கப் பத்தி யோசிக்கணும்.

ஸ்பிரே அடிக்கிற நேரமும் முக்கியம். சித்திரை வைகாசியில நம்ம ஊரு மத்தியானம் 40 டிகிரிய தொடுது, அப்ப அக்ரிலிக் பெயிண்ட் ஏர்பிரஷ் மூக்குலயே காஞ்சு அடைச்சிரும், வண்டி மேல விழுறதும் பாதி காஞ்சு தூளாத்தான் விழும். விடியக்காலையில ஆறு மணிக்கு அடிங்க, ஃபேன நிப்பாட்டிட்டு. ஐப்பசி மழையில லேக்கர் அடிக்கவே கூடாது, ஈரத்துல வெளுத்துப் பனி படிஞ்ச மாதிரி ஆகிரும்.

தின்னர் பத்தியும் சொல்லியாகணும். ஹார்டுவேர் கடையில போயி வெறுமனே தின்னர் குடுங்கன்னு கேட்டா பெரும்பாலும் என்.சி. தின்னர் குடுப்பாங்க, அது பிளாஸ்டிக்க உருக்கிரும், பெயிண்டையும் வழிச்சு எடுத்துரும். ஆயில் கலர், எனாமல் வாஷ் (நீர்க்கக் கரைச்ச பெயிண்ட்) இதுக்கெல்லாம் வேண்டியது மினரல் டர்பென்டைன், பேரச் சொல்லியே கேளுங்க. வாங்கிட்டு வந்ததும் ஒரு துண்டு பிளாஸ்டிக்ல தடவிப் பாத்துட்டு வண்டிக்குப் போங்க.

இனிமே வெதரிங். இதுல பெரிய தப்பு பிரஷ் பிடிக்கிறதுல இல்ல, யோசிக்கிறதுல இருக்கு. அழுக்குன்னா எல்லா ஊருலயும் ஒண்ணுதான்னு நினைக்கிறோம். என் கை தானா செம்மண் கலருக்குத்தான் போச்சு, ஏன்னா எனக்குத் தெரிஞ்ச ரயில் அழுக்கு அதுதான், சின்ன வயசுல ஆண்டிபட்டி கணவாய்ப் பக்கம் ஜன்னல் ஓரம் உக்காந்து வந்தா சட்டைக் காலர்ல படியிற தூசி. ஆனா டார்ஜிலிங் ரயில் கூம் ஸ்டேஷன்ல 2,258 மீட்டர் உயரம் ஏறுது, அங்க மேகம் வந்து வண்டி மேல உக்காருது. காஞ்ச தூசிக்கு அங்க என்ன வேலை? நனைஞ்ச கரித்தூள், எண்ணெய், ஈர மணல், மழை வழிஞ்ச கோடு, இதுதான் அந்த வண்டியோட அழுக்கு. மணல் ஏன்னா, தண்டவாளம் ஈரமா இருந்து சக்கரம் வழுக்குறப்ப முன்னாடி பஃபர் பலகை (என்ஜின் முகப்புல குறுக்க இருக்குறது) மேல உக்காந்திருக்க ஆளுக ரெண்டு பேரு கையால மணல் தூவிக்கிட்டே போவாங்க. பாய்லர் மேல இருக்க தொட்டியில ஒருத்தர் உக்காந்து கரிய உடைச்சு ஃபயர்மேனுக்கு அனுப்புவாரு. அப்ப அழுக்கு எங்க வரும்னு அந்த ஆளுக வேலை செய்யிற எடத்த வச்சே சொல்லிறலாம். கரித்தொட்டியச் சுத்தி கரித்தூள், முன் பலகையில மணல், ஆனா ஆளு உக்கார்ற எடத்துல மட்டும் துணி உரசி உரசி பெயிண்ட் தேஞ்சு இரும்பு மினுங்கணும். அந்த ரெண்டு எடத்துக்கு மட்டும் நான் ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்தேன், 4பி பென்சில் முனையத் தூளாக்கி விரல்ல தொட்டு தேச்சேன்.

ஓடுற வண்டிக்குத் துரு ஏத்துறதும் இதே யோசிக்காத வேலைதான். துருவ அப்பி வச்சா பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அது பல வருஷம் ஓரங்கட்டிப் போட்ட வண்டிக்கு உள்ளது. ஓடுற வண்டிய டிரைவரும் ஃபயர்மேனும் தெனமும் வேஸ்ட் துணி வச்சுத் தொடைப்பாங்க, நம்பர் பலகை, கைப்பிடி எல்லாம் பளிச்சுன்னு இருக்கும். அவன் ஃபோட்டோவ லென்ஸ் வச்சுப் பாத்தேன், டேங்க்கு பக்கத்துல வட்ட வட்டமா துணி போன தடம் தெரிஞ்சுச்சு. அதையும் போட்டேன், வாஷ் காயிறதுக்கு முன்னாடி காதுக்குச்சிய லேசா நனைச்சு சின்னச் சின்ன வட்டமா தொடைச்சா வரும். வழியிற கோடு எப்பவும் மேலிருந்து கீழ நேரா வரணும், பக்கவாட்டுல தேச்சா கொழந்தை கை வச்ச மாதிரி ஆகிரும்.

நிஜ மண்ண சலிச்சுப் போடலாமான்னு நிறைய பேரு கேக்குறாங்க, ஆத்து மணலு மட்டும் வேண்டாம். 1:76-ல நம்ம மணல் ஒவ்வொண்ணும் தேங்கா சைஸ் கல்லாத் தெரியும், அதுபோக மணல்ல இருக்க கருப்பு இரும்புத்தூள் மோட்டார் காந்தத்துல போயி ஒட்டிக்கிட்டா வண்டி அதோட சரி. உலர்ந்த சாக் பேஸ்டல மணல்தாள்ல தேச்சு எடுத்த தூள் போதும். ஸ்கூல் கடையில கிடைக்கிறது ஆயில் பேஸ்டல், அது மெழுகு, ஆகாது. தூள் போடுறப்ப மாஸ்க் போட்டுக்கங்க. தூளுக்கு மேல மேட் ஸ்பிரே அடிச்சா பாதி மறைஞ்சு போயிரும், அதனால கொஞ்சம் கூடுதலாப் போட்டுட்டு அடிக்கலாம், இல்ல யாரும் தொடாத எடத்துல ஸ்பிரே அடிக்காமயே விட்டுறலாம். கூட்டாளிக்குன்னா தொடுவாங்கன்னே வச்சுக்கங்க, பேரப்புள்ளைக இருக்க வீடு, கைப்படுற எடத்துல தூளே வேணாம், பெயிண்ட்டா ஏத்திருங்க.

சக்கரத்த நிக்க வச்சே பெயிண்ட் அடிச்சா சக்கரங்கள இணைக்கிற ராடுக்குப் பின்னாடி பெயிண்ட் படாத நெழல் விழும், வண்டி நகந்ததும் அசிங்கமாத் தெரியும். ரெண்டு ஒயர்ல கரண்ட் குடுத்து மெதுவா சுத்த விட்டு அடிங்க, அடிச்ச கையோட தண்டவாளத்த தொடுற பாகத்தையும் கரண்ட் எடுக்குற தகட்டையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல தொடைச்சிருங்க, இல்லன்னா பாக்க அழகா இருக்கும், ஓடாது.

எங்க நிறுத்துறதுங்குறதுதான் எனக்கு இன்னமும் கஷ்டமா இருக்கு. ராத்திரி டியூப்லைட்ல பாத்து "இன்னும் கொஞ்சம்"னு தோணுனா அன்னைக்கு அத்தோட மூடி வச்சிருவேன். காலையில மொட்டை மாடி வெளிச்சத்துல பாத்தா பத்துக்கு எட்டு தடவ போதும்னுதான் தோணும். நம்ம வண்டியா இருந்தா கூடப் போனாலும் பரவாயில்ல, இது அவங்க ரெண்டு பேரோட ஞாபகம், அத அழுக்குல மூடிட்டா திரும்ப எடுக்க முடியாது. அதான் பாதியிலயே ஃபோட்டோ எடுத்து அனுப்பிக் கேட்டேன். அவுக வீட்டம்மா "அண்ணே, பேரு எழுதியிருந்த பக்கம் இவ்வளவு கருப்பா இல்ல, படிக்க முடிஞ்சுச்சு"ன்னாங்க. டர்பென்டைன் தொட்டு அந்தப் பக்கத்தக் கொறைச்சேன்.

குடுத்து அனுப்புறப்ப பபிள் ராப்ப நேரா சுத்திறாதீங்க, நம்ம வெயிலுக்கு வார்னிஷ் இளகி அந்தக் கொப்புளம் அப்படியே அச்சு விழுந்துரும். வேட்டித்துணி, அதுக்கு மேல பபிள் ராப், பஸ்ஸுல மடியில வச்சுத்தான் போடிக்குக் கொண்டு போனேன். அப்பறம் ஆயுத பூஜை. என்ன சொன்னாலும் அவங்க வீட்டுல அன்னைக்கு அந்த என்ஜினுக்கு சந்தனம் குங்குமம் வைக்காம விடமாட்டாங்க, வைக்கணும்தான். ஆனா மேட் வார்னிஷ் குங்குமத்த உறிஞ்சிரும், தொடைச்சாலும் போகாது. அதனால வண்டி நிக்கிற தேக்குப் பலகையில முன்பக்கம் தண்டவாளத்துக்கு வெளிய ரெண்டு இஞ்ச் சும்மா விட்டு பாலீஷ் மட்டும் போட்டு வச்சேன், பொட்டு அங்க வச்சுக்கச் சொல்லி.